படித்தேன், புரிந்தது

வேலையில் சேர்ந்த மூன்றாம் நாள், மதிவதனியின் திரையில் நாலாயிரம் வரிகள் வந்து நின்றன. செயற்கை நுண்ணறிவு எழுதிய கணினி நிரல். ஊரிலுள்ள டயாலிசிஸ் கருவிகளெல்லாம் இனி அதன்படிதான் ஓடும். கீழே ஒரே பொத்தான்: ‘படித்தேன், புரிந்தது.’ பதினொரு மணிக்குள் மனிதர் ஒருவர் அதை அழுத்தாவிட்டால் கருவிகள் நின்றுவிடும்.

அவளுக்கு முதல் வரியே புரியவில்லை. நான்கு வருடம் கல்லூரியில் என்னதான் படித்தோம் என்று கூசியது. நெடுநேரம் தயங்கிவிட்டு, பக்கத்து நாற்காலியில் இருந்த மூத்தவர் ஜெரால்டிடம் சொன்னாள்.

“சார், எனக்கு எதுவுமே புரியல. இந்த வேலைக்கு நான் லாயக்கில்ல போல.”

அவர் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“ஒன்பது வருஷமா அழுத்துறேன்மா. புதுசா படிச்சிட்டு வர்ற பொண்ணு, உனக்காவது புரியும்னு நெனச்சேன்.”

அவள் மீண்டும் முதல் வரிக்கே திரும்பினாள்.

பதினொன்றுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தார்.

“ஊசி குத்தியாச்சு கண்ணு. இந்த மெஷின எம்பொண்ணுதான் பாத்துக்குறான்னு நர்ஸம்மாகிட்ட சொல்லிட்டிருக்கேன்.”

“பயமா இருக்காப்பா?”

“நீ படிச்சுப் பாத்துதான அனுப்புற. எனக்கென்ன பயம்?”

அவள் பொத்தானை அழுத்தினாள்.