ஒரு கட்டுக்கு எத்தனை?

"நாளைக்கு உங்க அம்மா வரலைன்னா, கணக்குப் போட்டிக்குப் போற லிஸ்ட்ல இருந்து உன் பேரை அடிச்சிருவேன்."

ஷம்ஸியா டீச்சர் சொன்னால் செய்கிறவர். இசக்கிச்செல்விக்கும் அது தெரியும். திருநெல்வேலியில் நடக்கிற போட்டி. எட்டாம் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு அதே நினைப்புதான்.

விஷயம் இதுதான். வகுப்பில் எந்தச் சமன்பாட்டைக் கொடுத்தாலும் ஒரு வரி பிசகாமல் போடுகிறாள். வீட்டுப்பாடம் என்றால் மட்டும் ஒரு மாதமாக அத்தனையும் தப்பு. இந்தப் பக்கம் பிளஸ் எட்டு, அந்தப் பக்கம் போனாலும் பிளஸ் எட்டு. நோட்டு முழுக்க டீச்சரின் சிவப்பு மைதான்.

"யாருட்டி உனக்குப் போட்டுத் தாரா?"

"யாருமில்ல டீச்சர். நாந்தான்."

"பொய் சொல்லாத."

பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். அழுத்தக்காரி.

"பீடி சுத்துற வீடு டீச்சர்" என்றார் பக்கத்து மேசை எட்வின் சார். "வீட்டுக்குப் போனதும் இலை வெட்ட உக்கார வச்சிருப்பாங்க. அது அவசரத்துல எதையாவது கிறுக்கிட்டு வருது."

டீச்சருக்கும் அப்படித்தான் பட்டது. நல்ல மூளையை இப்படிப் பாழாக்குகிறார்களே என்று ஆத்திரமாக வந்தது. நாளைக்குத் தாய் வரட்டும், ஒரு முடிவு கட்டாமல் விடக்கூடாது.

மறுநாள் மதியம் பேச்சித்தாய் வந்தாள். முக்கூடலிலிருந்து பஸ் பிடித்து வந்த களைப்பு. இரண்டு வார்த்தைக்கு ஒருதரம் இருமல். பின்னாலேயே மகள்.

"உக்காருங்க. இந்தக் கணக்கைப் பாருங்க" என்று நோட்டை விரித்தார் டீச்சர். "ஒரு கட்டுல எக்ஸ் பென்சில். மூணு கட்டு, தனியா எட்டு பென்சில், எல்லாம் சேர்ந்து எண்பது. எக்ஸ் எத்தனை? இருபத்தஞ்சுன்னு மொட்டையா எழுதியிருக்கு. எப்படி வந்துச்சு இது?"

"பீடிக் கட்டுன்னா இருபத்தஞ்சுதானே டீச்சர்?" என்றாள் பேச்சித்தாய். "இருபது வருசமா கட்டுதேன். ஒரு பீடி குறைஞ்சாலும் கடையில கழிச்சிருவாவ."

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

"அப்போ நீங்கதான் போட்டுக் குடுக்கீங்களா?"

"ஆமா டீச்சர்."

கொஞ்சங்கூடக் கூச்சமில்லாமல் சொன்னது டீச்சருக்குப் பொறுக்கவில்லை.

"பிள்ளையோட வீட்டுப்பாடத்தைத் தாய் போட்டுக் குடுத்தா அது எங்க உருப்படும்? அதையும் தப்புத் தப்பா."

பேச்சித்தாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. மகளைத் திரும்பிப் பார்த்தாள். மகள் ஜன்னலைப் பார்த்தாள்.

"அவ பாடமா? அதை அவ ரஃப் நோட்டுல அஞ்சு நிமிசத்துல முடிச்சிருவாளே. இது என் பாடம்லா."

"உங்க பாடமா?"

"இந்த இருமலோட இனிப் புகையிலை பக்கமே போகக்கூடாதுன்னுட்டாங்க டீச்சர். ஆஸ்பத்திரியில ஆயா வேலைக்குச் சொல்லி வச்சிருக்கேன். எட்டாங்கிளாஸ் பாஸாகணுமாம். நான் ஏழோட நின்னவ. தனியா எழுதுததுக்குப் பணம் கட்டியாச்சு. மத்ததெல்லாம் மனப்பாடம் பண்ணிருவேன். இந்த எக்ஸுதான் பிடிபட மாட்டேங்கு."

இருமி முடித்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"நான் காலண்டர் தாள்ல போடுததை இவ தப்போட அப்படியே நோட்டுல எழுதிக் கொண்டாருவா. சாயங்காலம் உங்க சிவப்பு மையைப் பாத்து நான் மறுபடி போடுவேன். ஒவ்வொண்ணும் பத்துத் தடவை."

டீச்சர் நோட்டைப் புரட்டினார். 'கவனம் எங்கே?' என்று ஒரு பக்கம். 'மூளையை வீட்டில் வைத்துவிட்டு வந்தாயா?' என்று அடுத்த பக்கம். எல்லாம் அவர் கையெழுத்துதான். சட்டென்று மூடினார்.

"மூடாதீங்க டீச்சர். நீங்க ஏசி எழுதுனதும் சரிதான். ஏசுனாத்தான் எனக்கு ரோசம் வருது. நேத்து இந்தப் பென்சில் கணக்கைத் திரும்பப் போட்டுட்டேன். கட்டுக்கு எத்தனைன்னு தெரிஞ்சாலும் தெரியாதுன்னு வச்சுக்கிட்டுத்தான் ஆரம்பிக்கணும். எட்டை அந்தப் பக்கம் கொண்டு போயிக் கழிச்சா எழுபத்திரெண்டு. மூணுல வகுத்தா இருபத்தி நாலு. சரிதானே?"

"சரி" என்றார் டீச்சர்.

"இந்தப் பரீட்சையில பாஸாகாம விடமாட்டேன் டீச்சர்." பேச்சித்தாய் கையிலிருந்த பையை மேசைமேல் வைத்தாள். தோட்டத்து முருங்கைக்காய். "மொதல்ல எனக்குத் தைரியமே இல்ல. 'உன் கணக்கைக் கொண்டாரச் சொல்லி எங்க டீச்சரே கேட்டாங்கம்மா, அவங்களே திருத்தித் தாரேன்னாங்க'ன்னு இவ வந்து சொன்ன பொறவுதான் நோட்டையே தொட்டேன். பெத்த தாய்க்குக்கூட இப்படித் தோணாது. உங்களுக்கு எப்படித் தோணுச்சு டீச்சர்?"

இசக்கிச்செல்வி இன்னும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். காது மட்டும் சிவந்திருந்தது.

ஷம்ஸியா டீச்சர் போட்டிக்கான லிஸ்டை எடுத்து, முதலில் இருந்த இசக்கிச்செல்வியின் பேருக்குக் கீழே அழுத்தமாக ஒரு கோடு போட்டார்.

"ஆமாம்மா" என்றார். "நான்தான் கொண்டுவரச் சொன்னேன்."