சாட்சிக் கட்டம்

“ஏம்மா, சாட்சிக் கட்டத்துல தரை துடைக்கிற அம்மா கையெழுத்தா?”

கோப்பைப் புரட்டிக்கொண்டே கேட்டார் சோதனைக் குழுத் தலைவர். இன்னும் அரைமணியில் அரசாங்க அதிகாரி வந்துவிடுவார்.

அவர்கள் செய்வது ஆஸ்பத்திரிச் சாமான். நோயாளிக்குச் சொட்டு மருந்து ஏற்றும் பம்பு ஒன்று, நர்ஸ் மேஜையில் வைக்கும் திரை ஒன்று. மருந்து தீர்ந்தால் திரையில் படுக்கை எண் வந்து மணி அடிக்க வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் ரெண்டும் தங்கம். சேர்த்து வைத்தால்தான் சண்டை தெரியும், கல்யாணம் மாதிரி.

அதனால் ரெண்டையும் இணைத்துச் சோதிக்க வேண்டும். சோதனைக்கு ஒரு பக்கம் எழுதி, கூட நின்று பார்த்தவர் கையெழுத்தும் நேரமும் போட வேண்டும். அந்தப் பக்கங்களைப் பார்த்து அதிகாரி தலையாட்டினால்தான் பம்பு ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கும். இல்லாவிட்டால் முப்பது பேரின் எட்டு மாத உழைப்பு அட்டைப் பெட்டியிலேயே தூங்கும்.

மொத்தம் இருநூற்றுப் பதினேழு பக்கம். இருநூறுக்குச் சாட்சி தலைவர்தான். அச்சடித்த மாதிரிக் கையெழுத்து. மீதிப் பதினேழும் மணிச் சோதனை. செய்தவள் ‘கடிகாரம்’. தும்மினால்கூட மணி பார்த்து எழுதுவாள் என்று அலுவலகம் வைத்த பெயர். அவள் பக்கங்களில்தான் கோணல்மாணலாய், கட்டத்தைத் தாண்டி ஓடியது துடைக்கிற அம்மாவின் கையெழுத்து.

கடிகாரம் அசரவில்லை. “மூணு தடவை கூப்பிட்டேன் சார், நீங்க மீட்டிங்ல இருந்தீங்க. மென்பொருள் எழுதாதவங்க யார் வேணா சாட்சி நிக்கலாம்னுதானே விதி?”

“விதி இருக்கட்டும்மா. பார்க்கிறவங்க சிரிக்க மாட்டாங்களா?”

அந்தப் பதினேழையும் எடுத்து அடியில் செருகினார்.

அதிகாரி வந்தார். உட்கார்ந்தார். காகிதக் கட்டை அப்படியே கவிழ்த்துப்போட்டு, அடியிலிருந்து ஆரம்பித்தார்.

இந்த அம்மா யார் என்று கேட்டு, கூப்பிடவும் சொன்னார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றது அம்மா. என்ன பார்த்தீங்க என்றார் அதிகாரி.

“பை காலியானா நான் பத்து எண்ணுறதுக்குள்ள மணி அடிக்கணும்னாங்க ஐயா. ஒவ்வொரு தடவையும் எண்ணினேன். பதிமூணாவது தடவை மணியெல்லாம் அடிச்சுது. ஆனா காலியானது நாலாம் படுக்கை, திரையில ஆறுன்னு வந்துச்சு. அடிச்சுதேன்னு விட்டுட முடியுமா? சொன்னேன். இந்தப் பொண்ணு தோல்வின்னே எழுதுச்சு, அதுலயும் கையெழுத்து போட்டேன். அப்புறம் சரிபண்ணி மறுபடி செஞ்சு காட்டுச்சு, அதுலயும் போட்டேன்.”

தோல்வியை இப்படிப் பட்டென்று போட்டு உடைக்கிறதே என்று தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது அதிகாரி அந்த அம்மாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு தலைவரின் இருநூறு பக்கத்தையும் எடுத்தார். படிக்கவில்லை. ஒரு மூலையை மட்டும் பார்த்துக்கொண்டே மளமளவென்று தள்ளினார். முடிந்ததும் மற்றவர்களை வெளியே இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

“அந்தப் பதினேழும் சரி. மத்த இருநூறையும் மறுபடி செய்யுங்க. பத்து நாள் தரேன்.”

தலைவர் பதறினார். “சார், அதெல்லாம் நானே போட்ட கையெழுத்து.”

“தெரியுது. இருநூறுலயும் ஒரே தேதி, ஒரே நேரம், பகல் பன்னிரண்டு இருபது. அவங்க முன்னாடி சொல்ல வேண்டாம்னுதான் கதவைச் சாத்தினேன்.” அதிகாரி எழுந்து, தலைவரின் தோளில் கை வைத்தார். “சாட்சிக்கு மட்டும் இந்தத் தடவை அந்த அம்மாவையே நிறுத்துங்க சார்.”