ரொக்போரும் ஒரு மிடறு வைனும்

துறைமுகத் தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் மாலை வெயில் யன்னல் வழியாக வந்து மேசையில் அசைகிறது. பாரிஸ் உணவகமொன்றில் இருபது வருடம் சீஸ் பரிமாறிய ஹெக்டர், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்தபின் ஊர் திரும்பியவர், மூன்று சீஸ் துண்டுகளின் முன்னால் கதிரையில் இருக்கிறார். உப்புவெளி ஹோட்டலொன்றில் எந்தச் சீஸுக்கு எந்த வைன் என்று விருந்தினருக்குச் சுவைத்துக் காட்டும் வேலைக்கு அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆறு மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். நீலம் ஓடிய ரொக்போர்ச் சீஸில் சிறிது கிள்ளி நாக்கில் வைத்து, இனிப்பான வெள்ளை வைனில் ஒரு மிடறை வாய்க்குள் உருட்டுகிறார். மெழுகுபோல் ஏதோ கரைகிறது, அவ்வளவுதான்; கதிர்வீச்சோடு போன சுவை திரும்பவில்லை. மற்ற இரண்டும் அப்படியே. “ஏதும் தெரியுதாப்பா?” என்கிறாள் மனைவி மக்டலின். “உப்புக்கூடத் தெரியேல்லை. நீ சாப்பிட்டுப் பார்.” அவள் அந்த மணத்துக்கு முகம் சுளித்தபடி ரொக்போரை மெல்லுகிறாள், வைனும் குடிக்கிறாள். “எப்பிடி இருக்கு?” “நல்லாத்தான் இருக்கு.” “நல்லா எண்டா? வைனோட என்ன மாறுது?” அவர் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவள் சொல் தேடுகிறாள். “முதல்ல சரியா உப்புக் கரிக்குது. பிறகு சீனிப்பாணிமாதிரி ஒரு இனிப்பு வருது. விழுங்கின பிறகும் நிக்குது.” “ஓம், அதுதான்,” என்கிறார். “அதேதான்.” வெளியே படகொன்றின் இயந்திரம் இரைந்து ஓய்கிறது. “ஹோட்டலுக்கு ஏலாதெண்டு சொல்லிவிடு,” என்கிறார். அவள் போனை எடுத்து எண்ணை அழுத்துகிறாள். மறுமுனையில் மணி அடிக்க, அவர் மீதிச் சீஸ் முழுவதையும் அள்ளி வாய்க்குள் திணித்து, கண்ணீர் வழிய, மென்றுகொண்டே இருக்கிறார்.