அரிவாள்மணைக்கு ஒரு சட்டை

"இதுக்கு ஒரு சட்டை போட்டுத் தரணும், அண்ணாச்சி."

கோமதியம்மாள் என் முன்னால் வைத்தது ஓர் அரிவாள்மணை.

நான் தையல்காரன் இல்லை. தாராவியில் சீப்பும் சோப்புப் பெட்டியும் செய்கிற பிளாஸ்டிக் பட்டறையில் வேலை. அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டாம் வருஷம். ஆனால் அப்போது என் கையில் ஒரு முழம் பிளாஸ்டிக் கிடைத்தால், ஓடுகிற ரயிலுக்கே உறை போட்டுவிடுவேன்.

தேங்காய் துருவும் பல் எப்போதோ உடைந்துபோன அரிவாள்மணை. வாய் மட்டும் அப்படி ஒரு கூர். குனிந்து பார்த்ததில் என் மீசையில் நாலு முடி தானாக உதிர்ந்தது.

"நாளையிலருந்து வடாலாவுல ஊறுகாய்க் கம்பெனி வேலை. காலையில போனா விளக்கு வைக்கத்தான் வருவேன். வீட்டுல எந்நேரமும் தரையிலதான். ரெண்டு வாட்டி கையில ரத்தம் பாத்தாச்சு. இன்னைக்கே வேணும். இல்லன்னா எப்படி விட்டுட்டுப் போவேன்?"

முதலாளி அப்துல் ரவூப் பாய் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, தூக்கிப் பரண்ல வையேன். சோலி முடிஞ்சுதுல்லா?"

"மேல வச்சா ஆவாது, பாய்."

குழாயில் தண்ணீர் வரும் நேரம். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். வலது காலில் துணிக்கட்டு. சுடுதண்ணீர் பட்ட புண் என்றார்கள். அதோடு நொண்டி நொண்டி ஓடினாள்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தவழுகிற வயசு. கண்டதைப் பிடித்து இழுக்கிற வயசு.

ஒரு துண்டு பிவிசி குழாயை நீளவாக்கில் அறுத்து ஸ்டவ்வில் வாட்டினேன். கட்டையாக நின்றது அப்பளமாவாகத் துவண்டது. அரிவாள் வாயில் காகிதம் சுற்றி, அதன்மேல் மடித்து, சைக்கிள் டியூப் ஒட்டிய இரண்டு பலகைக்கு நடுவில் வைத்தேன். ஆறும்வரை பலமாக அழுத்த வேண்டும்.

அதற்குத்தான் பாய். அவர் பலகையில் உட்கார்ந்தால் மாஹிம் ஸ்டேஷன் ஓர் அங்குலம் மேலே எழும்பும்.

சூட்சுமம் காகிதத்தில் இருக்கிறது. இரண்டு சுற்று சுற்றினால் உறை லேசாகக் கழன்று வரும். நான் வேண்டுமென்றே ஒரே சுற்று சுற்றினேன். பிள்ளை இழுத்தால் வரக் கூடாதே.

பாய் மணையை மிதித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, இரண்டு கையாலும் உறையை இழுத்தார். மூன்றாம் தடவைதான் வந்தது.

"இதக் கழட்டுற பிள்ளைய நேரா குஸ்திக்கு அனுப்பிரலாம்" என்றார்.

எனக்குக் குஷி தாங்கவில்லை. மிச்சக் குழாயில் ஒரு துண்டு வெட்டி, உள்ளே சைக்கிள் பால்ரஸ் குண்டு எட்டுப் போட்டு, இரண்டு முனையையும் சூட்டோடு நசுக்கினேன். கிலுகிலுப்பை! அரைஞாணில் கட்ட ஒரு துளை வேறு.

சாயங்காலம் அதைச் சட்டைப்பையில் போட்டு, அரிவாள்மணையைக் கையில் தூக்கிக்கொண்டு, சலங்கை கட்டிய ஜல்லிக்கட்டுக் காளை மாதிரி அவள் வீட்டுக்கு நடந்தேன். சந்தே திரும்பிப் பார்த்தது.

கோமதியம்மாள் கதவைத் திறந்தாள்.

தரையில் முறத்தோடு மலை மாதிரி ஒரு மனுஷர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவர் வேட்டி தொடையோடு மடித்து முடிந்திருந்தது. அதற்குக் கீழே இரண்டு காலும் இல்லை.

"இவுகதான். துறைமுகத்துல மூட்டை சரிஞ்சு..."

"அது கெடக்கு, விடு. அண்ணாச்சி, நாளையிலருந்து சமையல் நம்ம பொறுப்பு. இத இழுத்துக்கிட்டு அடுப்புக்கு நகருறதுக்குள்ள கையக் கிழிச்சிருது."

உள்ளங்கையை ஊன்றி ஒரே வீச்சில் என்னிடம் வந்தார். அரிவாள்மணையை வாங்கினார். உறையை இரண்டே விரலால் இழுத்தார்.

டப்.

நான் பையைப் பொத்தினேன். பொத்திய வேகத்தில் அது குலுங்கியது. கிலுகிலு.

"பையில என்னவே?"

"சில்லறை."

"எந்த ஊருச் சில்லறைவே இது?" கையை நீட்டினார்.

கொடுத்தேன். குலுக்கினார். துளையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பூமி பிளந்தால் முதல் ஆளாகக் குதித்திருப்பேன்.

அவர் சிரித்த சிரிப்பில் ஓட்டுக்கூரை நாலு இடத்தில் விலகியது.

சிரித்து முடித்துத் தன் அரைஞாண் கயிற்றிலேயே அதை முடிந்துகொண்டார்.

"ஏ கோமதி, கொதிக்கிற உலையோட எம்மேல தடுக்கித்தான கால வேக வச்சுக்கிட்ட? இனிமே நான் எங்கன கெடக்கேன்னு இது சொல்லும்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

பின்னால், கிலுகிலு அடுப்புப் பக்கம் நகர்ந்தது. நின்றது.

டப்.