மருந்து மிச்சம்

காற்று வந்ததும் பாட்டில்கள் ஊத ஆரம்பித்தன.

அவள் அசையாமல் நின்றாள்.

பிராந்திக் கடைக்குப் பின்னால் தகர வேலி போட்ட வெளி. பெட்டி பெட்டியாகக் காலி பாட்டில்கள், எல்லாம் வாயைத் திறந்துகொண்டு நின்றன. பனி இறங்கியிருந்தது. பகல்தான், ஆனாலும் முன்வரிசைகளைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

சத்தம் மட்டும் கடைசி வரை போனது. ஒரு பெருங்கூட்டம் வாயைக் குவித்துக்கொண்டு ஊ என்று சொல்வது மாதிரி.

அந்தக் கூட்டத்தில் அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு பாட்டில்.

காலையில் அவள்தான் கொண்டுவந்து கொடுத்தாள். காட்டோரம் பொறுக்கியதும் ரோட்டோரம் பொறுக்கியதும் சேர்த்து ஒரு சாக்கு. காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் என்று சட்டம் வரப்போகிறதாம். சட்டம் இன்னும் சட்டசபையில் கிடக்கிறது. அதற்குள் ஒத்திகைக்கு இந்த மலையைப் பிடித்துக்கொண்டார்கள். பாட்டிலில் கடை ஸ்டிக்கர் இருந்தால் எடுத்துக்கொள்வார்கள். மூடியைத் திருகி ஒரு கூடையில் போடுவார்கள், பாட்டிலைப் பெட்டியில் நிறுத்துவார்கள். காலி என்று சொன்ன பிறகு உள்ளே பார்க்க யாருக்கு நேரம்?

மத்தியானம் வீட்டுக்குப் போய்க் கதவுக்குப் பின்னால் பார்த்தாள். அங்கே வைத்திருந்த பாட்டிலைக் காணோம். அவசரத்தில் அதையும் சாக்கில் போட்டிருக்கிறாள்.

அதில் பாதிக்குக் களைக்கொல்லி இருந்தது. கேரட் தோட்டத்தில் அடித்து மிஞ்சியது, வீட்டுக்குப் பின்னால் மண்டிய புல்லுக்கு ஆகும் என்று வாங்கி வந்தது. நிறம்கூட அசல் பிராந்திதான்.

விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

கவுண்டரில் ஜெயசீலன் இருந்தான். மூச்சு வாங்கிக்கொண்டே அவனிடம் சொன்னாள்.

"தம்பி, காலையில குடுத்ததுல ஒண்ணு தப்பா வந்துருச்சு. அதுல மருந்து இருக்கு."

அவன் சிரித்துவிட்டான்.

"எல்லாத்துலயும் மருந்துதானக்கா இருந்துச்சு!"

சிரித்ததோடு விட்டிருக்கலாம். பின்பக்கம் திரும்பி, கையைக் குவித்துக் கத்தினான்.

"சொட்டு ஐயா! ஒண்ணுல மருந்து மிச்சமிருக்காம்! பாத்து எடுத்துக்குங்க!"

பாட்டில்களை அடுக்கி வைக்கிறவர் அவர். ராயப்பன் என்று ஒரு பெயர் இருக்கிறது, அப்படி யாரும் கூப்பிடுவதில்லை. அடுக்குவதற்கு முன்னால் ஒவ்வொரு பாட்டிலையும் அண்ணாந்து கவிழ்த்து, அடியில் நிற்கும் சொட்டை நாக்கில் விட்டுக்கொள்வார். மற்றபடி வம்பு தும்பு கிடையாது. அவள் சாக்கைத் தூக்கி வருவதைப் பார்த்தால் எதிரே வந்து ஒரு பக்கம் பிடித்துக்கொள்வார். இன்று காலையில் அவருக்குக் காய்ச்சல் என்றார்கள். சாக்கில் வந்ததை ஜெயசீலன்தான் அடுக்கினான். இப்போது அவர் வந்துவிட்டார், பனிக்குள் எங்கோ இருக்கிறார்.

"அந்த மருந்து இல்லடா. களைக்கு அடிக்கிற மருந்து."

சிரிப்பு அவன் முகத்திலேயே நின்றுபோனது. எந்த வரிசையில் வைத்தோம் என்று அவனுக்கே தெரியவில்லை. அவன் வலப்பக்கம் ஓடினான். அவள் நேராக ஓடி வந்து இங்கே நிற்கிறாள்.

"ஐயா! குடிச்சிராதீங்க!"

ஊ என்றன பாட்டில்கள். அவள் போட்ட கூச்சல் அதற்குள் போய்க் கரைந்தது. எங்கிருந்தோ ஜெயசீலனும் கத்தினான். அதுவும் ஊ என்றுதான் கேட்டது.

அப்போது இன்னொன்று கேட்டது.

எல்லாம் ஊ என்கிறபோது, ஒன்று மட்டும் ஈ என்றது. மெல்லிய, கூரான குரல். மற்றதெல்லாம் வெறும் வயிறு. அது மட்டும் பாதி நிறைந்தது.

இடப்பக்கம். நல்லா உள்ளே.

பெட்டிகளுக்கு நடுவில் ஓர் ஆள் நுழையத்தான் இடம் இருந்தது. சேலை எதிலோ மாட்டியது. கிழிந்தால் கிழியட்டும் என்று இழுத்துக்கொண்டு போனாள்.

காற்று நின்றால் பாட்டில்கள் வாயை மூடிக்கொண்டன. திசை தெரியாமல் அவளும் நின்றாள்.

காற்று வந்தால் ஈ என்று கூப்பிட்டது. கூப்பிடுகிறது என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அவளை இல்லை, வேறு யாரையோ.

அவளுக்குக் கேட்கிறது என்றால் அவருக்கும் கேட்கும். பகலெல்லாம் இந்தப் பாட்டில்களோடு கிடக்கிற காது அது.

"ஐயா, அது விஷம்யா!"

ஊ.

கிட்டே வந்துவிட்டாள். இன்னும் ஒரு வரிசைதான். பனிக்குள் கறுப்பாக ஏதோ அசைந்தது. முதுகா, பெட்டியில் போர்த்திய சாக்கா என்று தெரியவில்லை.

காற்று சட்டென்று அடங்கியது.

அத்தனை பாட்டிலும் மௌனமாகிவிட்டது. கண்ணாடியைக் கண்ணாடியோடு வைக்கும் சத்தம் மட்டும் ஒருமுறை கேட்டது, மெதுவாக, பழகிய கை வைப்பது போல.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு நேரம் அந்தக் கீச்சுக் குரலுக்குப் பயந்தவள், இப்போது அது இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டால் போதும் தாயே என்று மாரியம்மனை வேண்டினாள்.

காற்று வந்தது.

பாட்டில்கள் எல்லாம், ஒன்று விடாமல், ஊ என்றன.