ஓடாத காரும் ஊறுகாயும்

“கரிகாலன் எங்களை நல்லா ஏமாத்திப் பேய்க்காட்டுறான்!”

நாகேஸ்வரியால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. முற்றத்துக்கும் படிக்கட்டுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

கோபம் வராதா பின்னே? அவள் மனுசன் தவரத்தினம் விளம்பரம் பார்த்து ஒரு பழங்காலத்து மின்சாரக் காரை வாங்கிவந்து, லாச்சப்பலில் அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தின் முற்றத்தில் விட்டிருந்தார். இரண்டு பேர் நெருக்கியடித்து இருக்கலாம், அவ்வளவுதான். ‘ஓடாது, திருத்தி எடுப்பவர்களுக்கு மட்டும்’ என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தது!

திருத்துகிறவன் மெக்கானிக் கரிகாலன். ஞாயிறு தவறாமல் புறநகர் கார்ஜிலிருந்து ரயிலேறி வருவான். மத்தியானம்வரை தட்டுவான், முறுக்குவான். பிறகு நண்டுக் கறியோடு சாப்பிட்டுவிட்டு, “வாற கிழமை கட்டாயம் ஓடும் அக்கா” என்பான்.

அதை நம்பி அவளும் ரூ காய் கடைத்தெருவுக்குப் போய், டயருக்குக் கீழே வைக்க எலுமிச்சம்பழம் வாங்கி வருவாள். கார் ஓடாது. பழமெல்லாம் ஊறுகாய்ப் போத்தலுக்குள் போகும்.

இப்போது கட்டடத்தைப் பராமரிக்கும் பிரெஞ்சுக்காரி ஜிஸ்லேன் முடிவாகச் சொல்லிவிட்டாள். இன்று சனிக்கிழமை பின்னேரம் வந்து பார்ப்பாளாம். ஓடாவிட்டால் லொறி வந்து தூக்கிக்கொண்டு போய்விடுமாம்.

கார் போனால் மனுசன் உடைந்துபோவார். அதுதான் நாகேஸ்வரியை அரித்தது.

அவர் கடைக்குப் போன நேரம் பார்த்து மகிழனைக் கூப்பிட்டாள். பிள்ளையார் கோயிலில் பழக்கமான தமிழ்நாட்டுப் பையன். மின்சாரம் படித்தவன்.

மகிழன் சீட்டுக்குக் கீழே தலையைவிட்டுப் பார்த்தான். பிறகு பின்பக்கம் போய்ப் பார்த்தான்.

“அக்கா, பேட்டரி, மோட்டார் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ரெண்டு வயரை யாரோ வேணும்னே கழட்டி விட்டிருக்காங்க. சீட்டுக்கு அடியில ஒண்ணு, பின்னாடி ஒண்ணு.”

“பாத்தீங்களே தம்பி! ஒரு நேரச் சோத்துக்காக இப்பிடியும் ஒரு வேலையோ!”

அந்நேரம் பார்த்து மரக்கறிப் பையோடு தவரத்தினம் உள்ளே வந்தார்.

“இஞ்சருங்கோ, உங்கடை அருமைத் தம்பி கரிகாலன்ரை கள்ளத்தை வந்து பாருங்கோ!”

சீட்டுக்குக் கீழே குனிந்து பார்த்தவரின் முகம் மாறியது.

“சத்தம் போடாதையப்பா. அது நான் கழட்டினது.”

“நீங்களோ? விசரே உங்களுக்கு?”

“மனிசி செத்தாப்பிறகு அவன் வேலை விட்டால் அறை எண்டு கிடந்தவன். சும்மா சாப்பிடக் கூப்பிட்டால் வரமாட்டான். கார் பழுதெண்டால் ஓடி வாறான். இது ஓடத் துவங்கினால் பிறகு ஏன் வரப்போறான்?”

நாகேஸ்வரி காரின் பின்பக்கத்தைக் கைகாட்டினாள்.

“அப்ப, பின்னாலை கிடக்கிற வயர்?”

“பின்னாலையும் ஒண்டோ? சத்தியமா எனக்குத் தெரியாது.”

“சரி சரி, மரக்கறியை மேலை கொண்டுபோய் வையுங்கோ.”

அவர் படியேறியதும் கரிகாலனுக்குப் போன் போட்டாள். பின்பக்க வயரைப் பற்றி மட்டும் கேட்டாள்.

“அக்கா, அண்ணைக்குச் சொல்லிப்போடாதேங்கோ. அது நான்தான். நெஞ்சு ஒப்பரேசனுக்குப் பிறகு அண்ணை கதைபேச்சில்லாமல் யன்னலடியிலையே இருந்தவரெல்லே? இந்தக் காரைச் சாட்டித்தான் கீழை இறங்கி வாறார், வாய்விட்டுச் சிரிக்கிறார். இது ஓடீட்டுதெண்டால் திரும்பவும் யன்னலடியிலை போய் இருந்திடுவார் அக்கா.”

ஓடாததற்குக் காரணம் தன் கையிலேயே இருக்கும்போது, எவன் வேறு இடத்தில் தேடப்போகிறான்! அவனுக்கு இவர் கழற்றியது தெரியாது, இவருக்கு அவன் கழற்றியது தெரியாது.

நாகேஸ்வரி சால்வையால் கண்ணைத் துடைத்தாள். அந்தப் பிள்ளையைப் போய் என்ன சொல் சொல்லிவிட்டாள்!

“அக்கா, ரெண்டு வயரையும் மாட்டிடவா?” மகிழன் கேட்டான்.

“மாட்டுங்கோ தம்பி. பின்னேரம் ஜிஸ்லேன் வந்து, ஓடுதெண்டு பாத்திட்டுப் போகட்டும்.”

மேலே ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“அவ போனவுடனை ரெண்டையும் இருந்த மாதிரியே கழட்டி விடுங்கோ. நாளைக்கு நீங்களும் சாப்பிட வாங்கோ. நான் எலுமிச்சம்பழம் வாங்கோணும், வீட்டிலை ஊறுகாய் முடியப்போகுது.”