தவில் பக்கம்

கல்யாண வீடியோக்களை வெட்டிச் சேர்க்கும் பூங்கோதை, மேளக்காரர்கள் உட்கார்ந்திருந்த வரிசைப்படியே ஒலியையும் பிரித்து வைப்பாள். தவில் இடப்பக்கம், நாதஸ்வரம் வலப்பக்கம். ஒரு வாரமாகத் தவில் மட்டும் சாக்கு மூட்டைக்குள் அடிப்பதுபோல் அமுங்கிக் கேட்டது. இடப்பக்கத்தைக் கூட்டிக் கூட்டி அனுப்பியதில் மூன்று வீடியோக்கள் திரும்பி வந்துவிட்டன. "தவிலு காதைக் கிழிக்குதும்மா" என்றார் ஒரு கல்யாணப் பெண்ணின் அப்பா.

கம்ப்யூட்டரின் பின்மூடியைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக் இம்மானுவேல், திரையோடு சேர்ந்திருந்த இரண்டு ஸ்பீக்கரிலும் காதை வைத்தான்.

"ரெண்டும் ஒண்ணாத்தான்க்கா வருது."

"உனக்குக் கேக்கலையா? இடது பக்கம் செத்துக் கிடக்கு!"

மேளம் ஓடிக்கொண்டிருந்தது. பொறுக்கமாட்டாமல் சுழல் நாற்காலியை உதைத்து ஒரு சுற்றுச் சுற்றினாள். திரைக்கு முதுகு காட்டிய கணத்தில் தவில் அதிர்ந்து எழுந்தது. இப்போது நாதஸ்வரம் மூட்டைக்குள் போயிருந்தது. முன்னால் திரும்பினாள். பின்னால் திரும்பினாள். மறுபடியும் முன்னால்.

"என்னக்கா, மூடிடட்டுமா?"

இடது காதை உள்ளங்கையால் பொத்தினாள்; மேளம் துளியும் மாறவில்லை. கையை எடுக்காமலே, "வேணாம்" என்றாள். "இடது ஸ்பீக்கரை மாத்திடு."